பதினாறு வெளிச்சமும் ஒரு நைலான் சேலையும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு மடையன். அதிலும் சாதாரண மடையன் இல்லை, கவனமான மடையன். கவனமில்லாதவன் கொடுத்தனுப்பிய பொருளை வழியில் தொலைப்பான். நான் தொலைக்க மாட்டேன். பத்திரமாகக் கொண்டுபோய், சேரவேண்டிய கையில் பிணமாகச் சேர்ப்பேன்.

புதுச்சேரியில், பாகூர்ப் பக்கம் குருவிநத்தத்தில் இருக்கும் மதலேன் அக்காவுக்காகப் பினாங்கிலிருந்து பதினாறு ஐ.சி. வாங்கிக்கொண்டு போனேன். ஐ.சி. என்பது சுண்டுவிரல் நுனி அளவுக்குக் கறுப்பாக, இரண்டு பக்கமும் வரிசையாகக் கால் முளைத்து, மரவட்டை மாதிரி இருக்கும் மின்சாரச் சாமான். கடைக்காரச் சீனர் அவற்றை ஒரு கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி, மேலே ஈயத்தாள் சுற்றிக் கொடுத்தார். ஸ்பாஞ்சு பார்க்க அழுக்காக இருந்தது. சென்னையில் சுங்க அதிகாரி அதை வெடிகுண்டு என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம் வேறு. ஸ்பாஞ்சைக் குப்பையில் போட்டேன். பதினாறையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அக்காவுக்கு என் மனைவி கொடுத்தனுப்பிய ஜப்பான் நைலான் சேலையின் மடிப்புகளுக்குள் வைத்து நன்றாகச் சுற்றினேன். விமானத்தில் அந்தப் பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, கைக்குழந்தையைத் தட்டுவதுபோல வழியெல்லாம் தடவிக்கொடுத்தேன்.

அந்தத் தடவலில்தான் செத்தன. நைலானை உரசினால் உண்டாகும் கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று போதுமாம், அந்த மரவட்டை ஜாதிக்கு. இது எனக்குத் தெரியவந்தது மூன்றாம் நாள். முதல் இரண்டு நாளும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தேன்.

மதலேன் அக்கா யார் என்று சொல்லவேண்டும். பினாங்கில் நான் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவன் என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குத் தெரியும். பாதிப் பேர் வாடகை பேரம் பேசியவர்கள்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சங்கத்தார் அழைப்பில் புதுச்சேரியிலிருந்து ஒரு அம்மா வந்து, என்னிடம் நாலு பெட்டி எடுத்தார். மண்டபத்தை இருட்டாக்கி, மேலிருந்து வெளிச்சக் கம்பங்கள் விழும்படி செய்தார். நாம் உள்ளே நடந்தால் நம் நிழல் விழுந்த இடத்திலிருந்து ஒரு சுருதி கிளம்பும். அந்தச் சுருதிக்குத் தகுந்தபடி டெலிவிஷன் பெட்டியில் வெள்ளைக் கோடு சுருண்டு, மொட்டாகி, நண்டாகி, விரிந்து அடங்கும். பெட்டியைக் கொடுத்தவன் என்ற உரிமையில் உள்ளே போனவன் அரைமணி நேரம் வெளியே வரவில்லை. என் நிழலுக்கு இவ்வளவு நல்ல குரல் உண்டு என்பது எனக்கு முப்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் திட்டிய திட்டும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து கடிதப் போக்குவரத்து. கடைசியாக வந்த கடிதம் இப்படி: "ஐப்பசி மழையில் இடி விழுந்து பதினாறு ஐ.சி.யும் போய்விட்டது. இங்கே கிடைக்காது. பொங்கல் கழிந்த ஞாயிறு பாரிஸிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார். நான் ஊருக்குத் திரும்பிய பிறகு அங்கிருந்து வருகிற முதல் ஆள் அவர்தான். அவர் சரி என்றால் அங்கே காட்சிக்கு ஒரு கூடம், மூன்று மாதம். அடுத்த நாள் திங்கள், இதெல்லாம் வைத்திருக்கிற குடோனில் நெல் ஏறிவிடும். ஆகவே ஞாயிறு ஒரு நாள்தான்." கீழே சாமானின் நம்பர். வேறு ஒரு வார்த்தை இல்லை. அக்கா தந்தி எழுதினால்கூட இதைவிட நீளமாக எழுதியிருப்பார்.

முதல் நாள் நான் இறங்கியது குருவிநத்தத்தில் இல்லை, வில்லியனூரில். காரணம், பழைய கடிதத்தின் உறையில் இருந்த முகவரியைக் கொண்டுபோயிருந்தேன். ஸ்டாண்டுக்கு எதிரே ஓட்டலில் உட்கார்ந்து, "பசியாற என்ன இருக்கு?" என்று நம் ஊர் வழக்கப்படி கேட்டேன். பரிமாறுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பசியாறறது இன்னாபா, வயிறு முட்டவே துன்னுட்டுப் போ" என்று நாலு இட்லியைத் தள்ளினார். சாம்பாரை இலையில் ஊற்றவில்லை, அபிஷேகம் செய்தார். நம் ஊர் இட்லி கொஞ்சம் உயரம், இது அகலம். நம் ஊரில் கோப்பியை ஒரு கோப்பையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே ஒரு தம்ளரையும் ஒரு கிண்ணத்தையும் கொடுத்து, குடிக்கிறவனையே வேலை வாங்குகிறார்கள். நான் ஆற்றியதில் பாதி என் சட்டைக்குப் போயிற்று.

அங்கிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு மாதா கோயிலூர். அக்காவின் அண்ணன் சவரிமுத்து வயலில் இருந்தார். கையைக்கூடக் கழுவாமல் வந்து, நான் கேட்காமலே வாழையிலை போடச் சொன்னார். கருவாட்டுக் குழம்பு. வெயிலுக்கும் அந்தக் காரத்துக்கும் நடுவில் அவர் தங்கையின் கதை வந்தது.

"எங்கப்பா சைகோன்ல சிப்பாய். இவளுக்கு அப்போ பன்னண்டு வயசு. கோயில் ஆர்மோனியத்துல சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு பாக்கறேன்னு சனிக்கெழம பிரிச்சிட்டா. ஞாயித்துக்கெழம பூசையில சாமியாரு கைய தூக்கறாரு, சத்தமே இல்ல. தொறந்து பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல, பொட்டி மட்டும் கீது."

"அடி விழுந்திருக்குமே?"

"விழாம? ஆனா அடுத்த ஞாயிறு அவளே பூட்டிட்டா. முன்னைக்கு இப்ப நல்லாப் பாடுதுன்னு சாமியாரே சொன்னாரு. ஒரு கட்டை மட்டும் மிச்சம் வந்துச்சு. அது எதுக்குன்னு அவளுக்கும் தெரியல, ஆர்மோனியத்துக்கும் தெரியல."

பிறகு, அப்பாவின் பிரெஞ்சுக் குடியுரிமையில் பாரிஸ். பகலில் ரேடியோ தொழிற்சாலையில் பற்றவைப்பு. சாயங்காலத்தில் ஒரு ஒலிக்கூடத்தில் தரை கூட்டும் வேலை. அங்கே சிலர் டேப்பை வெட்டி ஒட்டி, வாத்தியமில்லாமல் சங்கீதம் செய்துகொண்டிருந்தார்களாம். தரையில் விழுந்த துண்டுகளைக் குப்பையில் போடாமல் எடுத்துவந்து தன் அறையில் ஒட்டிப் பார்த்திருக்கிறார் அக்கா. இரண்டு வருஷத்தில் துடைப்பத்தை வைத்துவிட்டு அதே கூடத்தில் நாற்காலி. அதன் பிறகு சத்தத்தோடு வெளிச்சமும் சேர்ந்தது. சுவரில் பேர் எழுதி, ஜனங்கள் சீட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

"அப்பறம் ஏன் திரும்பி வந்தாங்க?" என்றேன்.

"அத அவளையே கேளு. வந்த வருசம் இங்க கிறிஸ்மஸ் குடில் கட்டினா. யாராவது முட்டி போட்டா ஆட்டுக்குட்டி கத்தும், நட்சத்திரம் நகரும். சனம் மொத்தமும் குடில்ல முட்டி போட்டுச்சு. பூசைக்கு ஆள் இல்ல. சாமியாருக்குக் கோவம். இவளுக்கும் கோவம். பொட்டிய தூக்கிக்கினு பாகூர் பக்கம் போய்ட்டா." அவர் மோரை ஊற்றினார். "நல்லவ தம்பி. ஆனா உன் தங்கச்சி இன்னா பண்றான்னு யாராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. டீச்சர்னா டீச்சர்னு சொல்லலாம். ரேசன் கார்டுல ரேடியோ ரிப்பேருன்னு எழுதிக் குடுத்தேன். அன்னிலேர்ந்து எங்கிட்டயும் பேசறதில்ல."

அவர் இதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. நானும் சிரிக்கவில்லை. எனக்கே அது அதிசயம்.

இரண்டாம் நாள் பஸ்ஸில் ஏறினேன். கரிக்கலாம்பாக்கம் தாண்டுவதற்குள் பின்டயர் போயிற்று. எல்லோரும் சலிப்பே இல்லாமல் இறங்கி, ஏற்கெனவே பேசிவைத்ததுபோல ஒரு புளியமரத்தடிக்குப் போனார்கள். பக்கத்தில் முன்பு நெல் விளைந்த நிலம், இப்போது சதுரம் சதுரமாக வெள்ளைக் கல் நட்டுக் கிடந்தது. நான் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்ததுதான் தாமதம், குடை பிடித்த ஒருவர் வந்துவிட்டார்.

"எந்த ஊர் சார்?"

"பினாங்கு. மலேசியா."

"உக்காந்த கல்லு ராசியான கல்லு சார். ரெண்டு மனையா எழுதிடலாமா?"

மூட்டையில் விலைமதிப்பில்லாத சாமான் இருக்கிறது, அவசரம் என்றேன். அப்படியானால் ஒரு மனை போதும் என்றார். ஆலைக்குப் போன கரும்பு டிராக்டர் ஒன்று வந்து என்னைக் காப்பாற்றியது. கரும்புக் கட்டின் உச்சியில், சேலைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, முகமெல்லாம் கரும்புத் தோகை கீறிய கோடுகளோடு பாகூர் கடைத்தெருவுக்குள் நுழைந்தேன். அம்மன் வீதியுலா வரும்போதுகூட அந்தத் தெரு இவ்வளவு வேடிக்கை பார்த்திருக்காது.

அங்கே நெல் மண்டி வைத்திருக்கும் தணிகாசலம்தான் அக்காவுக்குக் குடோன் கொடுத்தவர். ஐம்பது வயது, வெற்றிலை வாய், சிறுவயதில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கல்லாவுக்கு மேலே ஒரு பக்கம் லட்சுமி படம், இன்னொரு பக்கம் அக்கா வரைந்து கொடுத்த மின்கம்பி வரைபடம். இரண்டுக்கும் பூ வைத்திருந்தார்.

"இன்னா அதுன்னு எனக்குப் புரியாது. ஆனா குடோனுக்கு எலி வர்றது நின்னுடுச்சு" என்றார். "ஒரு வருசம்னு குடுத்தேன். நெல்லு வந்தா நெல்லுக்குத்தான் எடம். அது அந்தம்மாவுக்கும் தெரியும், ஒரு நாள் கூடுதலா குடுன்னு என்னிக்கும் கேட்டதில்ல. ஞாயித்துக்கெழம பாரிஸ் முசே வர்றாராம். எனக்கு வெள்ளச் சட்டை போட்டுக்கச் சொல்லி உத்தரவு."

அன்றிரவு அவர் வீட்டு மாடியில் படுக்கை. பொட்டலத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டேன், திருட்டுப் போகாமலிருக்க. இதையும் அந்தப் பாவக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலை தணிகாசலத்தின் மோட்டார்சைக்கிளில் குருவிநத்தம். பெண்ணையாற்றுக் கரையோரம், ஊர் முடிகிற இடத்தில் குடோன். முன்வாசலும் பின்வாசலும் திறந்தே கிடந்தன. தெருவிலிருந்து வயலுக்குப் போகிற குறுக்குவழி அதற்குள் போகிறது. உள்ளே நுழைந்தேன். உயரமான ஓட்டுக்கூரை, அதில் பதினாறு இடத்தில் கண்ணாடி ஓடு. பதினாறு சூரியக் கம்பங்கள் சாய்வாக இறங்கி நின்றன. ஒவ்வொன்றும் தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு கொட்டாங்குச்சி. அதற்குள் வெளிச்சத்தை அறியும் ஒரு சிறு கண். கம்பிகள் எல்லாம் ஒரு பழைய பீரோவுக்குப் போயின. எதிர்ச்சுவரோரம் மூன்று டெலிவிஷன் பெட்டிகள், கறுப்பாக. கோயிலில் திரை போட்டிருக்கும்போது நிற்கிற மாதிரி நின்றேன்.

மதலேன் அக்கா பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்தார். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டி, ஆண்கள் சட்டை மாட்டியிருந்தார். "மாணிக்கம், எளச்சிட்டியே. சாமான் எங்க?" என்றார். நலம் விசாரிப்பு அவ்வளவுதான்.

பொட்டலத்தை நீட்டுவதற்குள் தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். பின்னால் இன்னும் மூன்று பேர். நாற்று நடவு, களையெடுப்பு என்று தினமும் இந்த வழியாகப் போகிறவர்கள். முன்னால் வந்தவள் பேர் அஞ்சலை.

"இன்னாக்கா, வந்துடுச்சா? இனிமேட்டு பாடுமா?"

"ஞாயித்துக்கெழம பாடும்."

அஞ்சலை எனக்குக் கூடத்தைச் சுற்றிக் காட்டினாள். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் பேர் வைத்திருக்கிறார்கள். "இது ஆட்டுக்குட்டி. இது சங்கு. இது கடலூர் பஸ். தோ, இது எம் மாமியா இருமறது. இதுல மட்டும் நான் ஓடிப் போயிடுவேன்." இடி விழுந்து மூன்று மாதமாகியும், எது எந்தச் சுருதி என்பது அவர்களுக்கு மறக்கவில்லை.

அவர்கள் போனபிறகு அக்காவிடம் கேட்டேன், பாரிஸை விட்டு ஏன் வந்தீர்கள் என்று. "அங்க எல்லாரும் கையப் பின்னாடி கட்டிக்கினு வருவாங்க. தொடலாம், நடக்கலாம்னு எழுதி வச்சாலும் ஓரமா நின்னு தலையாட்டிட்டுப் போவாங்க. இங்க சைக்கிளோட உள்ள வந்துடறாங்க." அவர் முகத்தில் வந்த சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. பொட்டலத்தைப் பிரித்தார்.

சேலை மடிப்பிலிருந்து முதல் ஐ.சி. விழுந்ததும் அவர் கை நின்றது.

"ஸ்பாஞ்சு எங்க?"

"அழுக்கா இருந்துச்சு அக்கா. எறிஞ்சிட்டேன். சேலை மெத்துனு இருக்கும்னு..."

அவர் ஒரு சிறு பலகையில் பேட்டரியும் இயர்போனும் இணைத்தார். ஒரு ஐ.சி.யைச் செருகி, இயர்போனைக் காதில் வைத்து, வெளிச்சக் கண்ணுக்குமேல் கையைக் கொண்டுபோனார். கையை எடுத்தார். மறுபடி கொண்டுபோனார். பிடுங்கி இடது பக்கம் வைத்தார். இரண்டாவது. இடது பக்கம். மூன்றாவதுக்கு அவர் புருவம் லேசாக உயர்ந்தது. வலது பக்கம் வைத்தார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் கை வெளிச்சத்தை மறைப்பதும் விலகுவதும் மட்டும்தான் தெரிந்தது. நான் வாழ்க்கையில் எத்தனையோ கச்சேரிக்கு ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். அவ்வளவு கவனமாக எந்தக் கச்சேரியையும் கேட்டதில்லை.

முடிந்தபோது வலது பக்கம் ஐந்து. இடது பக்கம் பதினொன்று.

"அந்த ஸ்பாஞ்சுல மின்சாரம் ஓடும். எல்லாக் கால்லயும் ஒரே அளவு மின்சாரம் இருக்கும், ஒண்ணும் ஆகாது. நைலான் உரசினா பொறி வரும். பிளேன்ல காத்து வேற காஞ்சி கெடக்கும்" என்று பாடம் படிப்பதுபோல மெதுவாகச் சொன்னார். பிறகு சேலையை உதறி, நாலாக மடித்து, பீரோவின் மேல்தட்டில் வைத்தார். "நல்ல கலரு. வூட்ல சொல்லு." திட்டியிருந்தால் ஒரு வேளைச் சோறாவது இறங்கியிருக்கும்.

நான்காம் நாள், சனி. பரிகாரம் தேடிக் கிளம்பினேன். கிருமாம்பாக்கம் போய், கடலூர் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கி, கடலூரில் இருக்கிற ரேடியோக் கடை எல்லாம் ஏறி இறங்கினேன். ஒருவர் டிரான்சிஸ்டர் காட்டினார், ஒருவர் டார்ச் பல்பு காட்டினார். மூன்றாவது கடைக்காரர் நம்பரைப் படித்துவிட்டுச் சீட்டை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "போன வருசம் கேட்டிருந்தீங்கன்னா இந்த வருசம் சொல்லியிருப்பேன், கெடைக்காதுன்னு." நாளெல்லாம் அலைந்து இரண்டு கிலோ முந்திரிப்பருப்போடு திரும்பினேன். எந்த ஊரில் எதைத் தேடினாலும் கடைசியில் தின்பண்டத்தோடு திரும்புவது எங்கள் பரம்பரை வழக்கம்.

குடோனில் அக்கா விடியலிலிருந்து உட்கார்ந்திருந்தார். பழைய ரேடியோக்களிலிருந்து டிரான்சிஸ்டரைக் கழற்றி, ஆட்டுக்குட்டி வெளிச்சத்துக்கு மட்டும் ஒரு சர்க்யூட் கட்டிவிட்டார். நான் நிழலைக் கொடுத்தேன். குரல் வந்தது! கைதட்டினேன்.

"இரு" என்றார். கால்மணி கழித்து மறுபடி நிற்கச் சொன்னார். எனக்கு அதே குரல்தான்.

"சூடேறினா சுருதி எறங்குது" என்று கம்பியைப் பிடுங்கிவிட்டார்.

"யாருக்கு அக்கா தெரியப் போவுது?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் முந்திரிப்பருப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தேன்.

ஞாயிறு பத்து மணிக்கு டாக்சி வந்தது. உயரமான மனிதர், ஒடிசலான உடம்பு, காதுவரை சிவந்த முகம். வாசலில் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். தணிகாசலம் வெள்ளைச் சட்டையில் என் பக்கத்தில் நின்று, பிரெஞ்சு புரியாத எனக்காகக் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா முதலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டாராம்: பதினாறில் ஐந்துதான் வேலை செய்கிறது, மிச்சம் செத்துவிட்டது. யாரால் என்று சொல்லவில்லை. வரைபடத்தைக் காட்டி, பதினாறும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று விளக்கினார்.

அந்த மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். சங்கு பாடியது. சுவரோரம் கோடு மொட்டாக விரிந்தது. இன்னும் இரண்டு அடி, கடலூர் பஸ். கோடு இரண்டாகப் பிரிந்து பின்னிக்கொண்டது. அவர் கை தானாக அவிழ்ந்தது. அடுத்த வெளிச்சத்துக்குள் போனார். ஒன்றுமில்லை. அதற்கடுத்தது. ஒன்றுமில்லை. நின்று, மரியாதையாகக் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா பீரோவின் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அஞ்சலையும் மற்றவர்களும் வழக்கம்போல வயலுக்குப் போகிற வழியில் உள்ளே வந்தார்கள். ஞாயிறு பாடும் என்று அக்கா சொல்லியிருந்தாரே, அந்த ஆசை. அஞ்சலை நேராக ஆட்டுக்குட்டிக்குள் போய் நின்றாள். சத்தம் வரவில்லை. ஒரு அடி பின்னால் போய் மறுபடி நுழைந்தாள். வரவில்லை. அவள் முகத்தில் ஏமாற்றம் வந்து, பிறகு ஒரு குறும்பு வந்தது. வாயைத் திறந்து அவளே அந்தச் சத்தத்தைக் கொடுத்தாள். விளையாட்டுக் கத்தல் இல்லை. நீளமாக, ஆடாமல், எந்த உயரத்தில் இருக்கவேண்டுமோ அந்த உயரத்தில். மற்றொருத்தி இன்னொரு செத்த வெளிச்சத்தில் நின்று அதன் குரலைக் கொடுத்தாள். நாலு பேரும் வெளிச்சத்திலிருந்து வெளிச்சத்துக்கு நடந்தார்கள். இயந்திரம் பாடியதும் அவர்கள் பாடியதும் கலந்து ஓட்டுக்கூரை வரை நிறைந்தது. மாமியார் இருமலைக்கூட ஒருத்தி விடவில்லை.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியது நான்தான். என் மடத்தனத்தால் உலகத்துக்கு ஒரு அற்புதம் கிடைத்தது என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டேன்.

அக்கா பாடினவர்களைப் பார்க்கவில்லை. டெலிவிஷன் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்குக்கும் பஸ்ஸுக்கும் கோடு நெளிந்தது. பெண்கள் குரலுக்கு அது அசையவில்லை. மூன்று பெட்டியிலும் நேர்க்கோடு, படுத்தபடி கிடந்தது.

பாரிஸ்காரர் முகமெல்லாம் மலர்ந்து பேசினார். தணிகாசலம் என் காதில்: "இதான் இதான்றாரு. இவங்கதான் நெஜமான வாத்தியமாம். மெசினு வேணாமாம். கண்ணாடி ஓடு போதும், இந்தப் பொம்பளைங்கள பாரிசுக்கு இட்டாரலாமான்றாரு. அடேங்கப்பா, அஞ்சலைக்குப் பாஸ்போர்ட்டு!"

அக்கா நாலு வார்த்தை சொன்னார். தணிகாசலம் வாயைத் திறக்கவில்லை. நான் முழங்கையால் இடித்தேன்.

"'நான் இருவது வருசமா செஞ்சது அது இல்ல'ன்றாங்க."

பாரிஸ்காரர் இன்னும் அன்பாக ஏதோ சொன்னார். "இது அதவிட உயிரோட கீதாம். எல்லாம் ஒண்ணுதானாம்."

அக்காவின் பதில் இந்தத் தடவை கொஞ்சம் நீளம். தணிகாசலம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "'கெட்டுப் போனதப் பாத்துட்டு நல்லாகீதுன்றீங்க. வேலை செய்யும்போது வந்து பாருங்க'ன்றாங்க. இனிமே வர முடியாதுன்றாரு அவரு. கூடத்த வேற ஆளுக்குக் குடுக்கணுமாம். அந்தம்மா... சரின்னுட்டாங்க."

அக்கா போய் மெயின் சுவிட்சை இறக்கினார். சங்கும் நின்றது. பெட்டிகளில் கோடு ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது. டாக்சி போகும் சத்தம் ஓயும் வரை யாரும் நகரவில்லை.

"நாங்க இன்னா தப்புக்கா பண்ணோம்?" என்றாள் அஞ்சலை.

"நீ ஒரு தப்பும் பண்ல அஞ்சல. சுருதி சுத்தமா இருந்துச்சு." அவள் தலைப்பில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துப் போட்டார். "போ, வேலைக்கு நேரமாவுது."

திங்கள் காலை மாட்டுவண்டிகள் வந்துவிட்டன. மூட்டை சுமக்கிறவர்கள் அக்கா கொட்டாங்குச்சிகளை எடுத்து முடிக்கும் வரை வண்டியிலிருந்து இறக்காமல் காத்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு கம்பியையும் சுருட்டி, எந்த வெளிச்சத்துடையது என்று துணியில் எழுதிக் கட்டினார். பதினொரு செத்த ஐ.சி.யையும்கூட ஒரு டப்பாவில் போட்டு மூடினார். பெட்டிகள் எங்கே போகப் போகின்றன என்று கேட்டேன். "தெரியல" என்றார். பத்து மணிக்கு முதல் அடுக்கு மூட்டைகளின்மேல் சூரியக் கம்பங்கள் விழுந்தன. மூட்டை தூக்கினவர் ஒவ்வொன்றையும் கடக்கும்போது தலையைத் திருப்பி ஒரு கணம் கேட்டுவிட்டுப் போனார்.

கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தம் வரை அக்கா கூட வந்தார். வழியெல்லாம் நான் பேசாமல் வந்தேன். என் மனைவி நம்ப மாட்டாள். கடலூர் பக்கமிருந்து பஸ் தலையைக் காட்டியதும், வாயை மூடிக்கொண்டு ஏறியிருக்கலாம். ஏறவில்லை.

"ஒண்ணு கேட்டா கோவிக்கக் கூடாது அக்கா. தப்பு என்னுதுதான். ஆனா நேத்து அது நல்லாத்தானே இருந்துச்சு? அந்த மனுசனுக்குப் பிடிச்சது. தணிகாசலத்துக்குப் பிடிச்சது. பாடினவங்களுக்கும் பிடிச்சது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. எல்லாருக்கும் பிடிச்சிருந்ததே!"

அக்கா பஸ்ஸை நிறுத்தக் கையை நீட்டினார்.

"எனக்குப் புடிக்கல."